ஓரிரு இடம்தானே என்றிருந்தோம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் தவணை, தணிக்கை, தரம் பிரித்தல் எதையும் பேசப் போவதில்லை. காற்றைப் பற்றிப் பேசப் போகிறோம். "காத்தப் பத்தி என்னம்மா பேச இருக்கு, அடிச்சா அடிக்குது, நின்னா நிக்குது" என்று பின் வரிசையில் ஒரு அம்மா சொல்வது காதில் விழுகிறது. நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், போன ஏப்ரல் மாதக் கூட்டம் வரைக்கும்.

அந்தக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வராதவர்களுக்காகச் சொல்கிறோம். ஷூ கம்பெனிக்குப் போகிற சகோதரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஓய்வு. காலையில் துணி துவைக்கணும், தண்ணி பிடிக்கணும், சமைக்கணும். அதனால் மதியம் 3 மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டுக் கூட்டம் வைத்தோம். காலையில் செய்தி பார்க்கவில்லை என்று எங்களை யாரும் குறை சொல்ல முடியாது. பார்த்தோம். "உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும், பலத்த காற்று மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் வீசக்கூடும்" என்றார்கள். ஓரிரு இடம்தானே, அது நம்ம ஊராவா இருக்கப் போகுது என்றோம். செல்போனிலும் பார்த்தோம். மாலை 4 மணிக்குக் காற்று 12 கி.மீ. என்று காட்டியது. சரி, கவலை இல்லை என்றோம்.

4 மணி வாக்கில் வெயில் சட்டென்று மங்கியது. ஜவ்வாது மலைப் பக்கம் கருத்திருந்தது. அப்புறம் ஜில்லென்று ஒரு காற்று வந்தது. அந்த வேகாத வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருக்கும்? "அப்பாடா" என்று எல்லாரும் சிரித்தோம். "மழையும் நம்ம கூட்டத்துக்கு வந்துடுச்சு" என்று மைக்கில் வேறு சொன்னோம். ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம் இருக்கும். மைதானத்துப் புழுதி மொத்தமும் எழுந்து வந்தது. சாமியானா உப்பி, நாலு கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு மேலே போனது. ஒரு இரும்புக் கம்பம் நம் சகோதரி ஒருவரின் தோள் மேல் விழுந்தது.

தோள்பட்டை எலும்பு முறிவு. ஏழு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். அவர் வீட்டில் இருந்தபடி பீஸ் கணக்கில் ஷூ அப்பர் தைக்கிறவர். ஏழு வாரம் கை அசையாவிட்டால் ஏழு வாரமும் காசு இல்லை. குழுவில் பேசி இரண்டு தவணையைத் தள்ளி வைத்தார்கள், அந்த மட்டில் நல்லது. வருஷம் 20 ரூபாய் கட்டுகிறோமே, பிரதமர் சுரக்‌ஷா பீமா, அதில் ஏதாவது வருமா என்று விசாரித்தோம். அது விபத்தில் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். கூடிவிடுகிற எலும்புக்குக் கிடையாது. இதை நிறையப் பேர் தெரியாமல் இருக்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் வைத்தது நாங்கள். மைதானத்தைப் பார்த்தது நாங்கள். செய்தியைக் கேட்டும் புரிந்துகொள்ளாதது நாங்கள். அதனால்தான் இந்தப் பேச்சு. அந்தச் செய்தியில் இருந்த ஒவ்வொரு சொல்லையும் பிறகு உட்கார்ந்து படித்தோம். படித்ததை உங்களிடம் சொல்கிறோம்.

முதலில் "ஓரிரு இடங்களில்". நாம் இதைக் கேட்டதும் "சும்மா லேசா" என்று எடுத்துக்கொள்கிறோம். வானிலைத் துறைக்கு இது ஒரு கணக்கு. ஒரு பகுதியில் இருக்கிற மழை அளக்கும் இடங்களில் கால் பங்குக்குள் மழை பெய்தால் "ஓரிரு இடங்கள்". கால் பங்குக்கு மேல் பாதி வரை "ஒருசில இடங்கள்". பாதிக்கு மேல் முக்கால் வரை "பல இடங்கள்". அதற்கும் மேலே போனால் "பெரும்பாலான இடங்கள்". இது எத்தனை இடத்தில் என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு பலமாக என்பதைச் சொல்லவில்லை. ஒரு தெருவில் பத்து வீட்டில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தான் என்றால், அந்த வீட்டில் பத்தில் ஒரு பங்கா எடுத்துக்கொண்டு போவான்? முழுசாகத்தான் எடுப்பான்.

அடுத்து, ரேடியோவிலும் டி.வி.யிலும் அடிக்கடி வருகிற ஒரு சொல், "இடையிடையே". மீனவர்களுக்கான எச்சரிக்கையில் தினமும் வரும். "சூறைக்காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும்" என்பார்கள். கடல் நமக்கு எங்கேயோ இருக்கிறது, இது நமக்கு இல்லை என்று சேனலை மாற்றிவிடுகிறோம். ஆனால் காற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல் போதும்.

ஆம்பூரிலிருந்து வேலூர் கிட்டத்தட்ட 50 கி.மீ. பஸ் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் 50. ஆனால் அந்த பஸ் ஒரே சீராக 50-லா போகிறது? மாதனூரில் நிற்கிறது, பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஊர்கிறது, நடுவில் 80-ல் பறக்கிறது. குறுக்கே ஒரு மாடு வந்தால் அதை அடிக்கிற வேகம் சராசரி வேகமா, அந்த நிமிட வேகமா? காற்றும் அப்படித்தான். நம் நாட்டு வானிலைத் துறை புயல் காற்றின் வேகத்தை மூன்று நிமிடச் சராசரியாகச் சொல்கிறது. அந்தச் சராசரிக்கு நடுவில் சில நொடிகள் மட்டும் எகிறிப் பாய்கிறதே, அதைத்தான் "இடையிடையே" என்கிறார்கள். காற்று வீச்சு என்றும் சொல்லலாம். 2020 நவம்பர் 25-ம் தேதி நிவர் புயல் வந்தபோது என்ன சொன்னார்கள்? மணிக்கு 120 முதல் 130 கி.மீ., இடையிடையே 145 கி.மீ. என்றார்கள். கூரையைப் பிடுங்குவதும் மரத்தைச் சாய்ப்பதும் இந்தக் கடைசி எண்தான். சில நொடி போதும் அதற்கு.

இடிமழை அறிவிப்பில் மட்டும் ஒரு வித்தியாசம். "இடி மின்னலுடன் மணிக்கு 40 முதல் 50 கி.மீ. பலத்த காற்று" என்று சொன்னால், அந்த எண்ணே வீச்சின் வேகம்தான். நாள் முழுக்க அப்படி அடிக்கும் என்று அர்த்தமில்லை. பத்து நிமிடம், கால் மணி நேரம், அதற்குள் வந்து போய்விடும். நமக்கு ஆபத்து இந்த வகைக் காற்றில்தான் அதிகம். புயல் நம் பக்கம் வருவதற்குள் பெரும்பாலும் வலுவிழந்து மழையாகத்தான் வரும். அதற்கு நாலு நாள் முன்பே ஊரெல்லாம் பேச்சாக இருக்கும். கோடை இடிமழை மதியம் கிளம்பி சாயங்காலம் முடிந்துவிடும். யாரும் பேசுவதற்குள் கூரை போயிருக்கும்.

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்" என்பார்கள். ஆடிக் காற்று ஒரே பக்கமிருந்து, மேற்கிலிருந்து, நாள்கணக்கில் அடிக்கும். அதற்கு நாம் பழகிவிட்டோம். சித்திரை, வைகாசிக் காற்று அப்படி இல்லை. எந்தப் பக்கமிருந்து வரும் என்றே தெரியாது.

ஏன் அப்படி? மதியம் முழுக்க வெயில் தரையைக் காய்ச்சுகிறது. சூடான காற்று மேலே போய் மேகமாகக் கட்டுகிறது. நம் ஊர் அமைப்பைப் பாருங்கள். தெற்கே ஜவ்வாது மலை, தென்மேற்கே ஏலகிரி, வடக்கே ஆந்திர எல்லை மலைகள், நடுவில் பாலாறு. மலைச் சரிவில் மேகம் சீக்கிரம் கட்டும். மேகம் முற்றியதும் உள்ளே இருக்கிற மழைத்துளியும் பனிக்கட்டியும் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே விழுகின்றன. துளி ஆவியாக ஆக அந்தக் காற்று குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று இன்னும் வேகமாக இறங்கும். ஒரு குடம் தண்ணீரை உயரத்திலிருந்து முற்றத்தில் கவிழ்த்தால் எப்படி நாலு பக்கமும் பாய்ந்து ஓடும்? அதே மாதிரி அந்தக் காற்று தரையில் மோதி நாலு பக்கமும் ஓடும். மேகம் சில கி.மீ. தள்ளி இருக்கும்போதே காற்று முன்னால் வந்துவிடும்.

சகோதரிகளே, அன்றைக்கு நாம் "அப்பாடா" என்றோமே, அந்த ஜில் காற்று இதுதான். மேலே இருந்து விழுந்த காற்றின் முன் விளிம்பு. அது வந்துவிட்டது என்றால் பின்னால் வருவதற்கு நமக்கு இருப்பது சில நிமிடம்தான். வெயில் நேரத்தில் திடீரென்று குளிர்ந்த காற்று வந்தால் சந்தோஷப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே போய்ச் சந்தோஷப்படுங்கள்.

அப்படியானால் செல்போன் ஏன் 12 கி.மீ. என்று காட்டியது? பொய் சொல்லியதா? பொய் இல்லை. போனில் வருவது கம்ப்யூட்டர் கணக்கு. பல கி.மீ. நீள அகலமுள்ள ஒரு கட்டத்துக்குச் சேர்த்து ஒரு சராசரியைப் போட்டுக் கொடுக்கிறது. இடிமேகம் அந்தக் கட்டத்துக்குள் ஒரு மூலையில் எழுந்து ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். காலையில் போட்ட கணக்கில் அது அகப்படாது. சில போனில் "கஸ்ட்" என்று இன்னொரு எண் இருக்கும், வீச்சு என்று அர்த்தம். பார்ப்பதாக இருந்தால் அதைப் பாருங்கள். ஆனால் அதுவும் ஆடிக் காற்றுக்குச் சரியாக வரும், இடிமேகத்துக்கு நம்ப முடியாது. இன்னொன்று, சில போனில் காற்று கி.மீ.யில் இல்லாமல் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று இருக்கும். அதை 3.6 ஆல் பெருக்க வேண்டும். 10 என்று போட்டிருந்தால் 36 கி.மீ. எண் சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

இடிமேகத்துக்குப் பார்க்க வேண்டியது சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாகக் கொடுக்கும் "அடுத்த 3 மணி நேரத்துக்கான" அறிவிப்பு. அது காலையில் போட்ட கணக்கு அல்ல. ரேடாரிலும் செயற்கைக்கோளிலும் இப்போது தெரிகிற மேகத்தைப் பார்த்துச் சொல்வது. சென்னைத் துறைமுகப் பக்கம் இருக்கிற டாப்ளர் ரேடார் நம் பக்கத்து மேகத்தையும் பார்க்கிறது. ஆனால் நாம் அங்கிருந்து 150 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறோம். பூமி உருண்டை என்பதால் அவ்வளவு தூரம் வருவதற்குள் ரேடார் கதிர் தரையை விட்டு வெகு உயரம் போய்விடும். மேகத்தின் இடுப்பு தெரியும், கால் தெரியாது. தரையில் காற்று என்ன செய்கிறது என்பதை நம் கண்ணும்தான் பார்க்க வேண்டும்.

இந்த அறிவிப்பைப் படிப்பதில் நம் பக்கம் ஒரு குழப்பம் இருக்கிறது. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி எல்லாம் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். பேரணாம்பட்டு, குடியாத்தம், அணைக்கட்டு வேலூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர், அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். நம்மில் பெரியவர்கள் இன்னும் எல்லாவற்றையும் வேலூர் என்றுதான் சொல்கிறோம். டி.வி.யில் "திருப்பத்தூர்" என்று வந்தால் ஆம்பூர் அக்கா "நமக்கில்லை" என்று துணியைக் காயப் போடுகிறார்! சிவகங்கைப் பக்கமும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது, அது மாவட்டம் இல்லை. மாவட்டப் பட்டியலில் திருப்பத்தூர் என்று வந்தால் அது நாம்தான். எல்லையில் இருக்கிற கிராமத்துக்காரர்கள் பக்கத்து மாவட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேகத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது.

வாட்ஸ்அப்பில் வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று இருக்கும், எந்த 3 மணி நேரம் என்று இருக்காது. நேற்று வந்ததை இன்று அனுப்புகிறார்கள். தேதியும் நேரமும் இல்லாததை அனுப்பாதீர்கள். "16.00 மணி" என்றால் சாயங்காலம் 4 என்று அர்த்தம்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்கிறார்களே என்று கேட்பீர்கள். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. ரெட் அலர்ட் என்றதும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது பள்ளிக்கூடம் லீவா என்றுதான். நாம் கேட்க வேண்டியது, எதற்கு அந்தக் கலர் என்று. மழைக்கா, காற்றுக்கா, வெப்பத்துக்கா? 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்களே, அது கன மழையால் வந்தது. மழைக்கான எச்சரிக்கை என்றால் ஊறிய சுவரை விட்டு விலக வேண்டும். காற்றுக்கு என்றால் கூரையையும் மரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

சரி, 40 கி.மீ. காற்று, 60 கி.மீ. காற்று என்றால் எப்படி இருக்கும்? எண்ணாகச் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது. 1805-ம் ஆண்டு பியூஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, கருவி இல்லாமல் கண்ணால் பார்த்தே காற்றை அளக்க ஒரு வரிசை எழுதினார். கடலுக்கு எழுதியதைப் பிறகு தரைக்கும் மாற்றினார்கள். அதை நம் ஊருக்குத் தகுந்தபடி சொல்லிப் பார்க்கிறோம்.

புழுதியும் காகிதமும் எழுந்து பறக்கிறது, முறத்தில் பீடி இலை நிற்க மாட்டேன் என்கிறது, இது 20-லிருந்து 28. முருங்கை மாதிரி சின்ன மரம் முழுசாக ஆடுகிறது என்றால் 30-ஐத் தாண்டிவிட்டது. புளிய மரத்தில் பெரிய கிளையே ஆடுகிறது, கரண்ட் கம்பி விசில் அடிக்கிறது, குடை பிடிக்க முடியவில்லை என்றால் 40-க்கும் 50-க்கும் நடுவில். முழு மரமும் ஆடுகிறது, எதிர்க்காற்றில் நடக்கவே முடியவில்லை, முந்தானை முகத்தில் அறைகிறது என்றால் 50-லிருந்து 60. மரத்தில் கிளை ஒடிகிறது என்றால் 60-க்கு மேல். நல்ல வீட்டிலேயே ஓடு பறக்கிறது என்றால் 75-க்கு மேல். அன்று நம் மைதானத்தில் என்ன வேகம் என்று அளக்க அங்கே கருவி இல்லை. ஆனால் வேலி ஓரத்து வேப்ப மரத்தில் கிளை ஒடிந்து கிடந்ததைப் பிறகு பார்த்தோம். அறிவிப்பில் 40 முதல் 50 என்றுதான் இருந்தது. சொன்ன எண்ணைக் கொஞ்சம் தாண்டியும் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கொஞ்சம் தாண்டினால் என்ன என்று கேட்கக் கூடாது. இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால் அது தள்ளுகிற பலம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். 10 அடி நீளம், மூன்றரை அடி அகலமுள்ள தகர ஷீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 15 கிலோ. 30 கி.மீ. காற்று அதன்மேல் முழுசாக மோதினால் சுமார் 14 கிலோ அளவுக்குத் தள்ளும். ஷீட் அசையாது. "பாத்தீங்களா, எவ்ளோ காத்து, ஒன்னும் ஆகல" என்போம். 40 கி.மீ. என்றால் 25 கிலோ. 60 கி.மீ. என்றால் சுமார் 55 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையைவிட அதிகம். ஆணி பிடித்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பறக்கும்.

கூரை ஏன் மேலே போகிறது, கீழே அமுங்க வேண்டியதுதானே என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. கூரைக்கு மேலே காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறையும், கூரையை மேலே உறிஞ்சும். அதே நேரம் கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று கீழே இருந்து முட்டும். மேலே ஒருத்தர் இழுக்க, கீழே ஒருத்தர் தள்ள, நடுவில் நாலு ஆணி என்ன செய்யும்? அதனால் காற்று வருகிற பக்கத்துக் கதவையும் ஜன்னலையும் முதலில் சாத்துங்கள். "காத்து போகட்டும்" என்று திறந்து வைக்காதீர்கள்.

நம் வீடுகளில், ஆட்டுக் கொட்டகைகளில், அப்பர் தைக்கிற சாய்ப்புகளில் ஷீட் மேல் கல்லையும் பழைய டயரையும் தூக்கி வைத்திருக்கிறோம். இது எங்களுக்குப் பிடிக்காத வேலை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ஷீட் தூக்கும்போது கல் உருண்டு உள்ளே படுத்திருக்கிற பிள்ளை மேல் விழும். கல் வைப்பதற்குப் பதில் ஜே போல்ட் போட்டு, குறுக்குக் கம்பியோடு ஷீட்டைப் பிணைக்கச் சொல்லுங்கள். ஓரமும் மூலையும்தான் முதலில் தூக்கும், அங்கே நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து நொறுங்கியிருந்தால் மாற்றுங்கள். பங்குனி மாதத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும். குழுவில் உள் கடன் கேட்டால் "இதுக்கெல்லாமா கடன்" என்று சிரிக்காதீர்கள். ஆடு வாங்கக் கடன் கொடுக்கிறோம், ஆட்டின் தலைமேல் இருக்கிற ஷீட்டுக்குக் கொடுக்கக் கூடாதா?

கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு. ஷிப்ட் முடிகிற நேரமும் இடிமழை வருகிற நேரமும் ஒன்றாக இருக்கிறது. வேனுக்கு நிற்கிற இடம் எது? புளிய மரத்தடி, ஃபிளக்ஸ் போர்டுக்குக் கீழே, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் என்ன நடந்தது? புயல் எதுவும் இல்லை, கோடைப் புழுதிக் காற்றுதான். பெட்ரோல் பங்க் மேல் ராட்சத விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர்களும் அதில் இருந்தார்கள். நம் ஹைவே ஓரத்தில் எத்தனை போர்டு இருக்கிறது என்று போகும்போது எண்ணிப் பாருங்கள். காற்று வரும் என்று தெரிந்தால் கம்பெனி கேட்டுக்கு உள்ளேயே கால் மணி நேரம் நில்லுங்கள். சில இடங்களில் கேட்டைச் சாத்தி வெளியே அனுப்பிவிடுகிறார்கள் என்று சகோதரிகள் சொன்னார்கள். அது பற்றிக் கூட்டமைப்பு சார்பில் கம்பெனிகளுக்குக் கடிதம் கொடுக்கத் தீர்மானம் எழுதியிருக்கிறோம்.

மின்னலையும் விட்டுவிட முடியாது. மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று எண்ணினால் ஒரு கி.மீ. தூரம். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, வீட்டுக்குள் போய்விடுங்கள். போனில் "தாமினி" என்று ஒரு செயலி இருக்கிறது, பக்கத்தில் எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும். தமிழக அரசு 2024-ல் கொண்டு வந்த "டி.என். அலர்ட்" செயலியில் மழை, காற்று எச்சரிக்கை தமிழிலேயே பார்க்கலாம். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மரம், வீடு விழுந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

பெரியம்மா ஒருவர் திசை பற்றிக் கேட்டார். "தென்மேற்குக் காத்துன்னா தென்மேற்கால போகுதா, தென்மேற்கால இருந்து வருதா?" வருகிறது. அறிவிப்பில் எப்போதும் வருகிற திசைதான். நம் முன்னோர் வைத்த பெயரும் அப்படியே. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். நம் ஊரில் வாடை என்றால் வேறு அர்த்தம் என்று சிரிக்கிறீர்கள். டேனரி வாடை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது, உங்களுக்கு வானிலை ஆய்வு மையமே தேவையில்லை! ஆனால் ஒன்று. சாயங்காலம் ஒரு பக்கமிருந்து வந்துகொண்டிருந்த வாடை சட்டென்று நின்று, வேறு பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தால், அது நாம் மேலே பேசின இடிமேகக் காற்றாக இருக்கலாம். அந்த மாற்றத்தை நீங்கள் எங்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பீர்கள்.

"இதையெல்லாம் தினமும் யாரு பாத்துக்கிட்டு இருக்கிறது?" என்று கேட்டீர்கள். நியாயம்தான். எல்லாரும் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒருவர் போதும். பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கிற ஒரு பெண், கையில் போன் இருந்தால் சரி. மார்ச் முதல் ஜூன் வரை, மதியம் 2 மணிக்கு ஒரு தடவை, 4 மணிக்கு ஒரு தடவை 3 மணி நேர அறிவிப்பைப் பார்த்து, நம் மாவட்டப் பெயர் இருந்தால் நேரத்தோடு குரூப்பில் போட வேண்டும். போன் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். சென்ற வாரக் கூட்டத்தில் ஒன்பது ஊராட்சிக்குப் பெயர் வந்துவிட்டது. மீதி ஊராட்சிகள் ஊக்குநர் மூலம் இந்த மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இனிமேல் கோடையில் கூட்டமைப்புக் கூட்டம் காலை பத்தரைக்கு, கட்டடத்துக்குள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும், 12 மணிக்குள் முடித்துவிடுகிறோம். தோளில் அடிபட்ட நம் சகோதரி கட்டுப் பிரித்துவிட்டார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்று சாப்பாட்டுக்கு வெளியே ஒரு சாமியானா போடலாம் என்று ஆள் வந்திருந்தார். "கயிறு எங்க, முளைக்குச்சி எங்க, எத்தனை அடி ஆழம் அடிப்பீங்க" என்று அவரைக் கேட்டு, பதில் வராமல் போகவே கம்பத்தோடு திருப்பி அனுப்பியது அவர்தான். அதனால் சாப்பாடு உள்ளேயே, இரண்டு பந்தியாக. முதல் பந்திக்குக் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் வாருங்கள்.